குட்டைச் சிறகு முப்பத்தொன்று

திரையில் அதே ஒரு வரிதான் நின்றுகொண்டிருந்தது. சற்றுக் காத்திருங்கள், ஆசிரியர் உங்களை உள்ளே அழைப்பார். மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பிரகல்யா இரண்டே முக்காலுக்கே தலையை வாரிப் பொட்டு வைத்து, மேலுக்குத் தீபாவளி டாப்ஸும் கீழே சாயம்போன வீட்டு பேன்ட்டுமாக லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே என்ன உடுத்தியிருக்கிறாள் என்று எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கப்போவதில்லை. இப்போது மணி மூன்று ஏழு. வரிக்குக் கீழே மூன்று புள்ளிகள் ஒவ்வொன்றாக மின்னி அணைந்தன. இன்னும் ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ, உமையாள் மேடம் அழைத்துவிடுவார். பதினைந்து நிமிஷம் வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண் கல்லூரி முதலாமாண்டு உயிரியலைத் தேறியவள் என்று ஒரு சான்றிதழ் வரும். மாநிலம் முழுக்க நூற்று நாற்பது பிள்ளைகள் சேர்ந்த இணைய வகுப்பில் இதுவரை அவள்தான் முதலிடம். கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. அப்பா. விடிகாலை மூன்றரைக்குப் பேக்கரிக்குப் போய், மாவு பிசைந்து, பன்னும் ரொட்டியும் போட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்குத் திரும்புகிற மனுஷன்; மற்ற நாளில் இந்த நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். இன்றைக்கு மகளின் தேர்வுக்குக் காவல். கீழ்வீட்டில் மிக்ஸி ஓடியபோது இறங்கிப்போய், "புள்ளைக்கு பரிச்சைங்க, ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தது அவளுக்குக் கேட்டது. அம்மா தாராபுரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். உடுமலைப்பேட்டையின் ஆடிக்காற்று மொட்டைமாடித் தகரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதற்கும் போய்ப் பரிச்சை என்று சொல்லிப் பார்த்திருப்பார், காற்று கேட்கிற ஆளாக இருந்தால்.

மேடம் மூன்று தலைப்புகள் அனுப்பியிருந்தார். ஒன்று, ஒளிச்சேர்க்கை. இரண்டு, நரம்புச் செல். மூன்று, உன்னுடைய பழ ஈச் சோதனை. ஒளிச்சேர்க்கையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நரம்புச் செல்லும் அப்படித்தான். மூன்றாவது வரியைப் படித்த அன்றிலிருந்து அந்தச் செய்தியை அவள் மறுபடி திறக்கவில்லை. ஈக்கள் ஜூன் மாதம் கூரியரில் வந்தன, விரல் நீளக் கண்ணாடிக் குழாய் இரண்டில். ஒன்றில் நீளச் சிறகு, இன்னொன்றில் குட்டைச் சிறகு; குட்டைச் சிறகென்றால் சிறகே இல்லாத மாதிரி, முதுகில் ஒரு சுருங்கிய தோல், பறக்க முடியாமல் நடந்தே காலம் தள்ளுகிற பிறவி. இரண்டையும் சேர்த்து வளர்த்தால் முதல் தலைமுறையில் எல்லாம் நீளச் சிறகு. அந்தத் தலைமுறை ஈன்ற குஞ்சுகளில் நாலுக்கு ஒன்று குட்டைச் சிறகு. புத்தகம் அப்படிச் சொல்கிறது, நீங்கள் உங்கள் வீட்டில் வளர்த்து எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் சோதனை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருல இருக்கற புள்ளைங்கெல்லாம் நீட்டுக்குப் படிக்குதுங்க, என்ற புள்ள ஈய வளக்குது. வீட்டுக்கு வர்ற ஈய தொரத்தறதுக்கே எனக்கு நேரம் பத்தல." அப்பா சிரித்தார். மறுநாள் பேக்கரியிலிருந்து மூன்று காலி ஜாம் பாட்டிலும், காகிதத்தில் மடித்து ஈஸ்ட்டும், தோல் கறுத்த பூவன் பழமும் கொண்டுவந்தார். ரவையில் பழத்தைப் பிசைந்து, மேலே ஈஸ்ட் தூவி, பாட்டில் வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டி, பீரோ மேல் வரிசையாக வைத்தார்கள். அவர் அதுகளைப் புள்ளைங்க என்றே சொன்னார். விடிகாலை கிளம்புமுன் டார்ச் அடித்து ஒரு பார்வை, மதியம் வந்ததும் சட்டையைக் கழற்றுமுன் ஒரு பார்வை. "கண்ணு, உன்ற புள்ளைங்க இன்னைக்கு செவுத்துல ஏறிருக்குதுங்க, பாத்தியா." முதல் தலைமுறையை அவள் மெய்யாகவே எண்ணினாள். எண்பத்தேழு. எண்பத்தேழும் நீளச் சிறகு. வெள்ளைத் தாளில் பெயின்ட் பிரஷ் முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணியபோது, தான் இதற்காகத்தான் பிறந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். அந்த எண்பத்தேழு மட்டும்தான் இந்த முழுச் சோதனையிலும் நிஜம். எண்பத்தேழு. அதோடு நிறுத்தியிருந்தால்.

மூன்று பதினொன்று. புள்ளிகள் மின்னின. அதோடு நிறுத்தியிருந்தால் என்று எத்தனை தடவை நினைத்தாயிற்று, நினைப்புக்குக் கால் வலிக்காதா? இரண்டாம் தலைமுறைக் கூட்டுப்புழுக்கள் கண்ணாடியில் ஒட்டி, பழுப்பேறி, ஒரு நாள் காலை பத்துப் பன்னிரண்டு ஈக்கள் வெளியே வந்தும் விட்டிருந்தன. ஒன்றுக்குக் குட்டைச் சிறகு. அவளே பார்த்தாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எல்லாம் ரவைமேல் மல்லாந்து கிடந்தன. ஒன்றிரண்டின் கால்கள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன. அடுத்த நாள் வெளியே வந்தவையும் வந்த கையோடு செத்தன. ஏன் என்று தேடிக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுக் குழந்தைக்கு டெங்கு வந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய வாரம் அது. படிக்கிற புள்ளையைக் கொசு கடிக்குதே என்று அப்பா ஒரு கொசு மெஷின் வாங்கிவந்து, முந்தின நாள் ராத்திரி, அவள் தூங்கிய பிறகு, பீரோவுக்குப் பக்கத்து பிளக்கில் செருகியிருக்கிறார். காலையில் எழுந்தபோது இனிப்பாக ஒரு மருந்து வாசம் அடித்தது, மூலையில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. பார்த்தாள். பார்த்துவிட்டுப் பல் விளக்கப் போனாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். அந்த மருந்து என்ன செய்யும் என்று நான்கு வாரம் கழித்து நரம்புச் செல் பாடத்திலேயே வந்தது: நரம்பில் இருக்கிற நுண்ணிய கதவுகளைத் திறந்தபடியே நிறுத்திவிடும், மூட விடாது, நரம்பு ஓயாமல் துடித்துத் துடித்தே பூச்சி செத்துப்போகும். அந்தப் பக்கத்தை அவள் மூன்று முறை படித்தாள். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண். வெட்கக்கேடு. ஆனால் அன்றைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அப்பாவிடம் சொல்ல முடியாது. பூவன் பழம் கொண்டுவந்த கையால் நீங்களே கொன்றுவிட்டீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? எண்ணிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் ஏற்ற வேண்டும். மறுபடி வளர்க்க ஒரு மாதம் ஆகும். படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது, தெளிவாக ஒரு கட்டம்: சோதனை தோல்வியுற்றதா, ஆம், இல்லை. ஆம் போட்டால் ஐந்து மதிப்பெண் குறையும். வெறும் ஐந்து. ஆனால் கீழே ஒரு வரி, காரணத்தை எழுதவும். காரணம் அப்பா. அதை எழுத மனசு வரவில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தாள். வீட்டுக் கதவு எண் ஐம்பத்து மூன்று. அதை நாலால் பெருக்கினால் இருநூற்றுப் பன்னிரண்டு. நூற்றைம்பத்தொன்பது நீளம், ஐம்பத்து மூன்று குட்டை, அச்சடித்த மாதிரி மூன்றுக்கு ஒன்று. அப்படியே கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிகிற அளவுக்குப் புள்ளியியல் படித்திருந்தாள், அதற்காகத்தானே கல்லூரிப் பாடம். இந்தப் பக்கம் இரண்டைக் கழித்து அந்தப் பக்கம் சேர்த்தாள். நூற்றைம்பத்தேழு, ஐம்பத்தைந்து. இயற்கை கொஞ்சம் பிசகுமல்லவா, அந்தப் பிசகையும் அவளே தயாரித்தாள். "எண்ணி முடிச்சிட்டேன்ப்பா, ஈயெல்லாம் வெளிய விட்டுட்டேன்" என்றாள். அப்பா நகக்கண்ணில் காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டே, "செரி கண்ணு" என்றார்.

அதோடு போயிருந்தால் அது அவள் பாவம், அவளோடு போயிருக்கும். இரண்டிரண்டு பேராக இணை சேர்த்திருந்தார்கள். அவள் இணை தூத்துக்குடி ஷெரின். ஷெரின் ஃபெர்னாண்டோ. நேரில் பார்த்ததில்லை. திரையில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் நீலச் சுவர், சுவரில் ஒரு மாதா படம், அதற்கு முன்னால் சுருட்டை முடியும் பெரிய பல்லும் ஓயாத வாயும். முதல் வாரத்தில் மைட்டோகாண்ட்ரியா புரியவில்லை என்று ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்து, பத்து மணிக்கு அதை விட்டுவிட்டு, அவள் ஊர் முந்திரி மக்ரூனைப் பற்றியும் இவள் அப்பா போடும் தேங்காய் பன்னைப் பற்றியும் சண்டை போட்டவள். "ஏ பிரகா, உங்கப்பாவ எங்கூருக்குக் கூட்டிட்டு வா, மக்ரூன் எப்படிப் போடுதாவன்னு காட்டுதேன்." பள்ளிக்கூடத்தில் பிரகல்யாவோடு ஈயைப் பற்றிப் பேச ஆளில்லை. ஷெரின் ஒருத்திதான் பேசினாள். அந்த ஷெரின் நிஜமாக எண்ணினாள். இருநூறு ஈ. நீளம் நூற்று அறுபத்தொன்பது, குட்டை முப்பத்தொன்று. ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று. பகிர்ந்த தாளில் இரண்டு பேரின் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இவளுடையது பூ மாதிரி, அவளுடையது கோணல். அன்று இரவே அழைத்தாள். "நீ எப்படிட்டி எண்ணுன? எனக்கு மட்டும் சேரவே மாட்டேங்கு. மயங்குததுக்கு ஃப்ரீசர்ல எத்தன நிமிஷம் வச்ச?" ஏழு நிமிஷம் என்றாள் பிரகல்யா. எண்ணாதவள், எண்ணுவது எப்படி என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். நினைத்தால் காது சுடுகிறது. ஷெரின் மறுபடி எண்ணினாள், அதற்கும் மறுநாள் மறுபடியும் எண்ணினாள், வெள்ளைத் தாளில் பத்துப் பத்தாக அடுக்கி வைத்துப் படம்கூட அனுப்பினாள். முப்பத்தொன்று. முப்பத்தொன்று. மூன்றாம் முறைதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "ஏ, குட்டச் செறகெல்லாம் சாப்பாட்டுலயே ஒட்டிச் செத்துக் கெடக்கு பாத்துக்க. அதுவளால எந்திரிச்சு மேல வர முடியல போல. உனக்கும் அப்படிக் கெடந்துச்சா? அதையும் எண்ணணுமா?" எண்ணணும். எண்ணியிருக்கவே வேண்டும். பிறந்தது பிறந்ததுதான், சேற்றில் ஒட்டிச் செத்தாலும் பிறப்புக் கணக்கில் அது ஒன்று. அதை எழுதியிருந்தால் மேடம் அந்தப் பெண்ணைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார். பலவீனப் பிறவிகள் எண்ணிக்கையில் ஏன் குறைகின்றன என்று அடுத்த அத்தியாயம் முழுக்க அதைத்தான் பேசியது. பிரகல்யாவுக்கு அன்று அது தெரியாது. அவள் கண்ணால் கண்டிருந்தால்தானே தெரியும்? தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை, முதலிடத்து வாய். "வேண்டாம் ஷெரின், செத்தது கணக்குல வராது" என்றாள். "அப்படியா" என்றாள் ஷெரின். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் மேடம், கோபமில்லாமல், மெதுவாகத்தான் சொன்னார், கவனம் போதாது ஷெரின், பிரகல்யாவின் எண்ணிக்கையைப் பார், அவளோடு சேர்ந்து இன்னொரு தடவை முயற்சி செய் என்று. அந்த ஜன்னலில் பெரிய பல் மறைந்தது. கேமரா அணைந்தது. அதற்குப் பிறகு இரண்டு வகுப்பு அணைந்த கேமரா, மூன்றாவது வகுப்பில் பெயரே இல்லை. கடைசியாக ஒரு செய்தி வந்தது, அது இன்னும் கைபேசியில் இருக்கிறது. எனக்கு எண்ணக்கூடத் தெரியல போல பிரகா, இதெல்லாம் உன்ன மாதிரி ஆளுவளுக்கு, நான் நின்னுக்கிடுதேன். பிரகல்யா பதிலாக அழுகிற முகம் ஒன்றை அனுப்பினாள். ஒரு மஞ்சள் முகம். அதை நினைக்கும்போதுதான் செத்துப்போகலாம் போல இருக்கிறது.

மூன்று பதினெட்டு. முன்னால் போன பையனுக்கு இவ்வளவு நேரமா? சொல்லிவிடலாம். மேடம், அந்த எண்கள் நான் போட்டவை. இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாயிற்று, மூன்று வாக்கியம், இலக்கணப் பிழையில்லை. சொன்னால் சான்றிதழ் போகும். பொய்த் தரவு கொடுப்பவர் பாடத்திலிருந்து நீக்கப்படுவார் என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பேக்கரி முதலாளியிலிருந்து டீ மாஸ்டர் வரைக்கும் என்ற புள்ள காலேஜ் பாடத்துல மொதல் என்று அப்பா சொல்லிவைத்திருக்கிறார், அதுவும் போகும். சொல்லாவிட்டால் ஷெரினின் முப்பத்தொன்று தப்பாகவே இருக்கும், என்றைக்கும். இன்று ஐந்து மணிக்கு மதிப்பெண்களை மூடுகிறார்கள். மூடிவிட்டால் பிறகு யாரும் அந்தத் தாளைத் திறக்கப்போவதில்லை. ஒரு பெண் தன் கண்ணைத் தானே நம்பாமல் போவாள். இரண்டுக்கும் நடுவில் எப்போதும் போல அப்பா வந்து நின்றார். சொன்னால் ஏன் செத்தது என்று கேட்பார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவுக்காகத்தான் என்று மறுபடி சொல்லிக்கொள்ளப் பார்த்தாள், இன்று அது ஒட்டவில்லை. பாதிதான் அப்பாவுக்காக. மீதிப் பாதி அந்த முதலிடத்துக்காக. ஐந்து மதிப்பெண் போனால் ஈரோட்டுப் பையன் ஒருத்தன் மேலே வந்துவிடுவான், அதற்காக. பாதிகூட இல்லை, முக்கால். மூன்றுக்கு ஒன்று. சீ. திரையின் மூலையில் பேட்டரி பன்னிரண்டு சதவீதம் என்று காட்டியது. மேஜை பிளக் ஆடிக்கொண்டிருந்தது, சார்ஜர் நிற்கவில்லை. பாதித் தேர்வில் லேப்டாப் அணைந்தால் அதுவும் ஒரு தப்பித்தல்தான் என்று ஒரு நிமிஷம் கோழை மனசு கணக்குப் போட்டது. எழுந்து ஒயரை இழுத்துக்கொண்டு பீரோ மூலைக்குப் போனாள். ஐந்து வாரமாக அந்த மூலையைப் பார்ப்பதையே விட்டிருந்தாள், அங்கே அந்தச் சிவப்பு விளக்கு இருக்குமென்று. மெஷினைப் பிடுங்கத்தான் குனிந்தாள். பிளக் காலியாக இருந்தது. துளைகளில் தூசி படிந்திருந்தது. நேற்றோ முந்தாநாளோ எடுத்தது இல்லை, தூசி அப்படிச் சொல்லவில்லை. அவள் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு அப்படியே இருந்தாள். கணுக்காலில் ஒரு கொசு கடித்தது. ஜன்னலில் வலை. ஆமாம், ஈக்கள் செத்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா தூங்காமல் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார், "காத்தும் வரும், கொசுவும் வராது கண்ணு" என்று வாயில் ஆணியை வைத்துக்கொண்டு சொன்னார். ஏன் மெஷின் இருக்கும்போது வலை என்று அவள் கேட்கவில்லை. ஈக்கள் செத்த அன்றைக்கு மதியம் ஒரு மணிக்கு வந்தவர், சட்டையைக் கழற்றுமுன் பார்க்கிறவர், பார்த்திருக்கிறார். அவள் வருவதற்கு நான்கு மணி நேரம் முன்னாலேயே பார்த்திருக்கிறார். மல்லாந்து கிடந்த புள்ளைங்களையும் பார்த்து, சிவப்பு விளக்கையும் பார்த்து, பிடுங்கிவிட்டார். மறுநாள் செத்தவை ரவையில் படிந்திருந்த மருந்தில் செத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, உன்ற புள்ளைங்க எப்பிடியிருக்குதுங்க என்று அவர் கேட்கவில்லை. ஈயின் முதுகுத் தோலை லென்ஸ் வைத்துப் பார்த்தவளுக்கு இது தெரியவில்லை. எண்ணி முடிச்சிட்டேன்ப்பா என்றபோது நகத்தைச் சுரண்டினாரே. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த மனுஷன், செரி கண்ணு என்றாரே. மேடம் வகுப்பில் பாராட்டினார் என்று அவள் குதித்துக்கொண்டு வந்து சொன்ன நாளில் அவர் சிரிக்கவில்லை, வேலைக் களைப்பு என்று நினைத்தாள். யாருக்கு வலிக்கக்கூடாதென்று பொய் சொன்னாளோ அவருக்கு முதல் நாளே வலித்து முடிந்திருக்கிறது. ஒன்றுக்குமே ஆகாத பொய். அது போய் விழுந்தது தூத்துக்குடியில், நீலச் சுவர் வீட்டில், முகம்கூட நேரில் பார்க்காத ஒருத்தியின் மேல்.

டொங்கென்று சத்தம் வந்தது. திரை விரிந்து உமையாள் மேடத்தின் நரைத்த தலையும் புத்தக அலமாரியும் தெரிந்தன. பிரகல்யா சார்ஜரைச் செருகிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தாள். மேடம் காக்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், ஒளிச்சேர்க்கையில் ஆரம்பிக்கலாமா என்று இங்கிலீஷில் கேட்டார். குளியலறையில் பிழையில்லாமல் வந்த மூன்று வாக்கியங்கள் எங்கே போயினவோ. மேடம், மை ஃப்ளைஸ், என்றாள். மேடம், தி டேட்டா. அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. மேடம் கையை உயர்த்தி, "பதட்டப்படாதம்மா, தமிழ்லயே சொல்லு" என்றார். தமிழில் சொன்னால் கதவுக்குக் கேட்கும். அவள் குரலைத் தாழ்த்தி, "ஈயெல்லாம் செத்துப்போச்சு மேடம்" என்றாள்.

"என்னம்மா? உன் மைக் சரியில்ல. சத்தமாச் சொல்லு."

பிரகல்யா ஒருமுறை கதவைப் பார்த்தாள். பிறகு வீதிக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். "ரெண்டாவது தலைமுறை ஈ எல்லாம் செத்துப்போச்சு மேடம். நான் ஒண்ணுகூட எண்ணல. நூத்தியம்பத்தேழும் அம்பத்தஞ்சும் நானா போட்டது."

மேடம் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். வெளியே தகரம் ஆடியது. "எதனால செத்துச்சு?" என்று கேட்டார். கோபத்தில் கேட்ட மாதிரி இல்லை, செத்த பூச்சி என்றால் முதலில் அதைத்தான் கேட்பார் போலிருக்கிறது.

"ரூம்ல கொசு மெஷின் ஓடுச்சு மேடம். காலைல நான் பாத்தேன். பாத்துட்டும் பாட்டில எடுத்து வெளிய வெக்கல. என்ற தப்புதான்."

நாற்காலி கிரீச்சிட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. அப்பா பனியனும் லுங்கியுமாக நின்றார். உள்ளே வரவில்லை. கேமராவில் தான் விழுந்துவிடக்கூடாதென்று ஒதுங்கி நின்றபடி அவளைப் பார்த்துத் தலையை மெல்ல, இல்லை இல்லை என்பதுபோல ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே மேடத்திடம் சொன்னாள். "ஷெரின் எண்ணுனதுதான் சரி மேடம். நூத்தியறுபத்தொம்பது, முப்பத்தொண்ணு. மூணு தடவ எண்ணுனா. குட்டச் செறகு எல்லாம் சாப்பாட்டுலயே ஒட்டிச் செத்துக் கெடக்குது, அதையும் எண்ணணுமான்னு எங்கிட்டக் கேட்டா. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

மேடம் சட்டென்று முன்னால் சாய்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் அகலமாகியது. "ஒட்டிக் கெடந்துச்சா? அவளே பாத்துச் சொன்னாளா?" ஏதோ எழுதப் பேனாவைத் தேடினார், எடுத்தார், பிறகு எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு போயிட்டாளேம்மா. நான்தானே அவள..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது போய்விட்டது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. பிறகு நிமிர்ந்து, முன்னைவிடத் தணிந்த குரலில் கேட்டார்.

"அப்படி ஒட்டிச் செத்தது எத்தனன்னு சொன்னாளா?"

பிரகல்யா வாயைத் திறந்தாள். ஷெரின் அந்தப் பாட்டிலை இந்நேரம் கழுவியிருப்பாள், மண்ணில் கொட்டியிருப்பாள். அந்த இரவு, கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, எத்தனை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"இல்லீங்க மேடம்" என்றாள். "நான் கேக்கலீங்க."